கோமளத்துக்கு நாற்பது வீடு

என் கணவர் கஸ்தூரிரங்கன் பரம சாது. டெக்ஸாஸில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே கம்பெனியில் வேலை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று எந்தக் கட்டடமானாலும் அதற்கு எவ்வளவு குளிர் வேண்டும், எவ்வளவு சூடு வேண்டும் என்று கணக்குப் போட்டு ஏர்கண்டிஷன் டிசைன் செய்வதுதான் உத்தியோகம். முட்டை சேர்த்த கேக் என்றால் பிறந்தநாள் பார்ட்டியில்கூடத் தொடமாட்டார். அப்படிப்பட்ட மனிதர், ஊரிலிருந்து மாமியார் வந்தால் தங்கட்டும் என்று நான் அலங்காரம் பண்ணி வைத்திருந்த கீழ் ரூமில் பதினாறடி மலைப்பாம்பு வளர்க்கிறார். அதோடு பத்து வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறேன். எனக்கே சில நாள் காலையில் எழுந்தால் நம்பிக்கை வருவதில்லை.

ஆபீஸில் யாரோ ஒருவர் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போனார். அங்கே இந்த பர்மா மலைப்பாம்புக்கு அனுமதி கிடையாதாம். "ஒரு மாசம்தான் காமு, வேற இடம் பாத்துடலாம்" என்று இவர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்து நின்றார். அப்போது அது என் மணிக்கட்டு தடிமன் இருந்தது. பழைய சொந்தக்காரர் வைத்த பெயர் பிரின்சஸ். இவர் கோமளம் என்று மாற்றினார். ஏன் என்று கேட்டதற்கு, "தொட்டுப் பாரேன், அவ்வளவு மிருதுவா இருக்கா" என்றார். தொட்டுப் பார்ப்பதாவது! நான் அந்தப் பக்கமே போகவில்லை.

"ரங்கன்னு பேர் வெச்சுண்டா பாம்பு மேலயே படுத்துக்கணும்னு யாராவது சொன்னாளா மாப்பிள்ளைகிட்ட?" என்று என் அப்பா மதுரையிலிருந்து போனில் கேட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வைத்துக்கொண்டால் ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் மனிதர் பிடிவாதம். மாநில வனவிலங்குத் துறையில் பெர்மிட் வாங்கினார். ரூமில் பாதியை அடைத்துக் கண்ணாடியும் மரமுமாக ஒரு கூடு கட்டினார். அதற்கு இரண்டு பூட்டு. ரூம் கதவுக்கு ஒரு பூட்டு. கராஜில் தனி ஃப்ரீசர், அதில் உறைந்த முயல்கள். ஏகாதசியன்று என் அடுப்பங்கரையில் அரிசி வேகாது, பத்தடி தள்ளி கராஜில் முயல் உருகிக்கொண்டிருக்கும். "அவளுக்கு அதான் தளிகை" என்பார் கூசாமல்.

இன்னொரு சட்டமும் உண்டு. எட்டடிக்கு மேல் வளர்ந்த பாம்பின் கூட்டைத் தனியாகத் திறக்கவே கூடாது, கூட ஓர் ஆள் நிற்க வேண்டும். எங்கள் பெண் ஸ்ம்ருதி வீட்டோடு இருந்து படித்தவரை அவள்தான் அந்த ஆள். பயமென்றால் என்னவென்றே தெரியாத பெண். அவள் காலேஜ் முடித்து டாலஸில் வேலைக்குப் போனபிறகு, இவர் ஆபீஸில் சேர்ந்த சாய்ராம் என்ற பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். நான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதோடு சரி.

போன வருஷம் தீபாவளி கழிந்து ஒருநாள் சாப்பிடும்போது இவர் ஆரம்பித்தார்.

"காமு, பாம்புக்கு உடம்புல சொந்தமா சூடு கிடையாது. வெளில எவ்வளவோ, உள்ள அவ்வளவு. ஆனா இந்த மலைப்பாம்பு முட்டை போட்டா அதைச் சுத்திண்டு உக்காந்து, உடம்பை உதறி உதறி, தானே ஹீட்டர் ஆயிடுமாம். தெர்மோஸ்டாட் கிடையாது, ஒயர் கிடையாது. நான் முப்பது வருஷமா ஹீட் லோட் கணக்கு போடறேன். எனக்கு அதை ஒரு தடவை கண்ணால பாக்கணும்."

மோர்சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு ஆசையை நான் பார்த்ததில்லை, போகட்டும்.

வேகோ பக்கத்தில் டேல் என்றொருவர் இருக்கிறார். வாழ்நாள் பூராவும் பெரிய பாம்புகளோடேயே இருந்தவர். அவரிடம் ஆண் பாம்பு உண்டு. இவர் போன் செய்தார். டேல் எடுத்த எடுப்பிலேயே சரி என்று சொல்லவில்லை. கோமளத்தின் வயசு, எடை, எப்போது சாப்பிட்டாள் எல்லாம் கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு சொன்னாராம்: "நாற்பது முட்டை போடும். நாற்பது குட்டிக்கும் வீடு பார்த்துவிட்டு வா. அப்புறம் ஜோடி சேர்க்கலாம்."

நியாயம்தானே? குட்டி என்றால் குட்டியாகவா இருக்கும்? இருபத்தைந்து வருஷம் வாழும். ஒவ்வொன்றும் பதினைந்தடிக்கு வளரும். ஃப்ளோரிடாவின் சதுப்புக் காட்டில் வளர்க்க முடியாமல் விட்ட பாம்புகள் பெருகி, அங்கே முயலும் நரியும் இல்லாமல் துடைத்துவிட்டதை டிவியில் நானே பார்த்திருக்கிறேன்.

இவர் வீடு தேடக் கிளம்பினார். நாற்பது பெண்ணைப் பெற்றவர் வரன் தேடுகிற மாதிரிதான். முதலில் ஆஸ்டினில் பாம்பு வளர்க்கிறவர்கள் கூடும் சங்கத்தில் கேட்டார். "இருக்கிறதே போதும், வேறு யாராவது எங்களிடம் தள்ளிவிடாமல் இருந்தால் சரி" என்றார்கள். சாய்ராமையே கேட்டார். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "சார், நான் H1B. க்ரீன் கார்ட் லைன்ல என் வாழ்க்கையே முடிஞ்சிடும் போல இருக்கு. நாளைக்கு இந்த ஊர்ல இருப்பேனான்னே தெரியாது, இருபத்தஞ்சு வருஷத்துக்கு எப்படி சார் ப்ராமிஸ் பண்றது?"

சும்மா இருந்திருக்கலாம் அவன். கோயில் வாலண்டியர்களின் வாட்ஸ்ஆப் குரூப்பில் விளையாட்டாக ஒரு மெசேஜ் போட்டான்: மலைப்பாம்புக் குட்டிகளுக்கு நல்ல இடம் தேவை, குலம் கோத்திரம் தடையில்லை. கூடவே நாலு சிரிப்புப் பொம்மை.

ஒரே நாளில் முப்பது பேருக்கு மேல் "எங்களுக்கு வேண்டும்" என்று எழுதிவிட்டார்கள்.

பல்லியைக் கண்டால் 911 கூப்பிடுகிற ஜனங்கள்! இவரோ சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். "பாத்தியா, நம்ம ஜனங்களுக்குத்தான் மனசு இருக்கு" என்றார். ஆனாலும் ஒவ்வொரு வீட்டையும் நேரில் பார்த்தால்தான் ஆச்சு என்றார். டிபன் கிடைக்கும் என்று நானும் கூடப் போனேன்.

முதல் வீடு லியாண்டரில். க்ரிஷ், விஷாகா என்று இளம் தம்பதி. அழகான வீடு, ஸ்வாமி ரூமிலேயே புதுக் கண்ணாடித் தொட்டி வாங்கி வைத்து, அதற்குச் சந்தனம் குங்குமம் இட்டிருந்தார்கள். விஷாகா ரவா கேசரி கொண்டுவந்து வைத்தாள். இவர் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது ரெண்டு மாசத்துக்குக்கூடப் போறாதேம்மா. பெரிசானா என்ன பண்ணப் போறேள்?"

"பெரிசாகாது அங்கிள். ஒரு மண்டலம்தானே?" என்றாள் விஷாகா.

"என்ன மண்டலம்?"

அவள் கணவனைப் பார்த்தாள். க்ரிஷ் தயங்கித் தயங்கிச் சொன்னான். "நாக தோஷம் இருக்கு அங்கிள். யூட்யூப்ல ஒரு ஜோசியர் சொல்றாரு, வீட்ல நாகத்தை வெச்சு ஒரு மண்டலம் பூஜை பண்ணணும், நாற்பத்தெட்டாவது நாள் நீர்நிலை பக்கத்துல விடுதலை பண்ணணும்னு. பின்னாடி ப்ரஷி க்ரீக்னு ஓடை போகுதே, அங்கதான் விடலாம்னு இருக்கோம்."

"கல்யாணமாகி ஏழு வருஷம் ஆச்சு அங்கிள்" என்றாள் விஷாகா. மேலே பேச முடியாமல் உள்ளே போய்விட்டாள்.

நான் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். இவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். இல்லை. "விடுதலைன்னா அதுக்குத் தெரிஞ்ச இடத்துல விடறதுப்பா. அந்த க்ரீக் அதுக்கு ஊரே இல்ல. குளிர்ல செத்துப் போகும், சாகலைன்னா மத்ததெல்லாம் சாகும்" என்றார். அந்தப் பெண் திரும்பி வந்ததும், "உனக்கு நல்லது நடக்கட்டும்மா. ஆனா இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

மற்ற வீடுகளுக்குப் போன் செய்து பார்த்தோம். எல்லோருக்கும் அதே வீடியோ, அதே மண்டலம். ஆனால் விடுகிற இடம் மட்டும் வீட்டுக்கு வீடு வேறு.

அன்று கார் வீட்டு வாசலில் வந்து நின்றபிறகும் இவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்:

"யாருமே கெட்டவா இல்ல காமு. பக்தியாத்தான் கேக்கறா. அதான் பயமா இருக்கு. நாற்பது வீடு தேடிப் போனேன், ஒண்ணுகூட இல்ல."

டேலைக் கூப்பிட்டு ஜோடி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆசைப்பட்டதைப் பார்க்காமலே விட்டுவிடுவது அவருக்கு எத்தனை கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் கேலி பண்ணவில்லை. பண்ணத் தோன்றவில்லை.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆண் பாம்பு எங்கள் வீட்டுப் படியேறவே இல்லை. கோமளம் வந்ததிலிருந்து வேறொரு பாம்பைக் கண்ணால் பார்த்ததும் இல்லை.

தை பிறந்ததும் அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். உடம்பு நடுவில் கொஞ்சம் பருத்தது. இவர் கட்டியோ கிட்டியோ என்று கவலைப்பட்டு டாக்டரைத் தேடிக்கொண்டிருந்தார். சாய்ராம் லீவில் சென்னைக்குப் போயிருந்தான். மார்ச் மாதம் ஒருநாள் காலை, காபி போட்டுக்கொண்டிருந்தேன், கீழ் ரூம் வாசலிலிருந்து இவர் கத்திய கத்தலில் பால் பொங்கி வழிந்தது. ஓடினேன்.

கண்ணாடிக்கு அப்பால் கோமளம் சுருள் சுருளாக உட்கார்ந்திருந்தாள். அந்தச் சுருள்களுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, முட்டைகள். உச்சியில் மூடி மாதிரி அவள் தலை.

நான் யோசிக்கவே இல்லை, பூட்டுப் போட்ட அந்த ரூமுக்குள் முதல் தடவையாகக் கால் வைத்துவிட்டேன்.

மறுநாள் டேல் ட்ரக்கை ஓட்டிக்கொண்டு வந்தார். ஆறடி மனிதர், வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஆண் சேராமல் சில பாம்பு முட்டை போடுவது உண்டு, அதெல்லாம் வெறும் முட்டை என்றார். என்றாலும் பார்த்துவிடுவோம் என்று விளக்கை அணைத்து, இவர் சுருளைத் தூக்க, டேல் ஒவ்வொரு முட்டையின் மேலும் டார்ச்சை வைத்து அழுத்திப் பார்த்தார். மஞ்சள், மஞ்சள், மறுபடி மஞ்சள். எல்லாம் உயிரில்லாதவை. அப்புறம் ஒன்றில் டேல் கையை எடுக்கவில்லை.

உள்ளே செக்கச்செவேல் என்று நரம்புகள் ஓடின. அரசிலையை வெயிலில் பிடித்த மாதிரி.

அப்படி நாலு முட்டை இருந்தன. டேல் தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் இதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை என்றார். தகப்பனே இல்லாமல், முழுக்கத் தாயின் ரத்தத்திலிருந்தே வந்த உயிர். பிறந்தால் அத்தனையும் பெண், அத்தனையும் கோமளத்தின் அச்சு.

ஸ்வாமி விஷயத்தில்கூட நான் அவ்வளவு சுலபமாகக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவள் இல்லை. அன்று போட்டுக்கொண்டேன். வேண்டாம் என்று நாங்கள் முடிவு பண்ணியது அவளுக்குத் தெரியுமா? அவளைக் கேட்டா முடிவு பண்ணினோம்?

வெறும் முட்டைகளைப் பிரித்து எடுத்துவிட்டுக் கிளம்பும்போது டேல் இவரிடம் சொன்னார். வீடு இல்லையென்றால் நாளைக்கே எடுத்து ஃப்ரீசரில் வைத்துவிடு, இப்போது அதற்கு வலி தெரியாது, நாள் போகப் போக அது பாவம். வைத்துக்கொள்வதானால் தாயிடமே விட்டுவிடு. இப்படிப் பிறப்பதில் பாதி பிழைப்பதில்லை. எதைச் செய்வதானாலும் நீதான் செய்ய வேண்டும்.

அன்று சாயங்காலம் நான் வக்கீல் மாதிரி வாதாடினேன்.

"தானா வந்ததுன்னா! ஃப்ரீசர்ல வெக்கறதுக்கு உங்களுக்கு எப்படி மனசு வரும்? நாலே நாலு. நான் பாத்துக்கறேன்."

"நீயா?"

"ஏன், எனக்கென்ன?"

அவர் என்னைக் கேலி பண்ணவில்லை. விஷாகா வீட்டில் பேசின அதே மெதுவான குரலில் கேட்டார். "எனக்கு அம்பத்தொம்பது. உனக்கு அம்பத்தஞ்சு. இதுகளுக்கு இருபத்தஞ்சு வருஷம் ஆயுசு. நமக்கப்புறம் யாரு காமு? ஊரையெல்லாம் இந்தக் கேள்வி கேட்டேன். என் வீட்டுக்குன்னு வந்தா மட்டும் கேக்காம இருக்க முடியுமா?"

எரிச்சலாக வந்தது. எரிச்சலில் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு ஸ்ம்ருதியைக் கூப்பிட்டேன். எங்களுக்குப் பிறகு கோமளத்தைத் தான் பார்த்துக்கொள்வதாக அவள் முன்பே அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"டூ, அப்பா" என்றாள் கடைசியில். "கோமளம் ப்ளஸ் டூ. தட்ஸ் வாட் ஐ கேன் டூ. ப்ளீஸ் ஃபோர்னு கேக்காதீங்க. ஐ வில் சே எஸ், அண்ட் இட் வில் பி எ லை."

இவர் கண்ணை மூடிக்கொண்டார். "இதுதான்டா கண்ணா பதில்" என்றார். "இப்படி ஒரு பதிலை யாரும் சொல்லலை."

ஆக, நாலில் இரண்டு. சாய்ராம் ஊரில் இல்லை. மறுநாள் காலை கூட நிற்கிற ஆள் நான்தான். கோமளம் பாய்ந்தால் மேலே போடுவதற்குக் கையில் கம்பளியோடு நின்றேன். எந்த இரண்டு என்று என்னைக் கேட்டார். "என்னைக் கேக்காதீங்கோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஓரத்தில் இருந்த இரண்டை எடுத்தார். கோமளம் சீறவில்லை. தலையை மட்டும் தூக்கி, நாக்கை நீட்டி, அவர் கையை, பிறகு அந்த முட்டையை, பிறகு மறுபடி அவர் கையை மோந்து பார்த்தாள். அவளுக்கு அந்தக் கை தெரியும். அதனால்தான் விட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன்.

ஃப்ரீசரை மூடிவிட்டு நேரே பாத்ரூமுக்குப் போய்த் தலைக்கு ஸ்நானம் பண்ணினார், சாவு வீட்டிலிருந்து வந்த மாதிரி. அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

"சரியாத்தான் பண்ணியிருக்கேன் காமு" என்றார். "ஆனா சரியா பண்ணினா மனசு லேசாகும்னு நெனச்சிருந்தேன்."

ஏப்ரலில் ஒரு புயல் மழை அடித்தது. மத்தியானமே வானம் இருண்டு, ஆலங்கட்டி விழுந்து, தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. வடக்கேயிருந்து குளிர்காற்று. முட்டை போட்ட நாளிலிருந்து கோமளத்துக்குச் சூடு கொடுத்துக்கொண்டிருந்த பாம்பு ரூம் ஹீட்டர் அணைந்தது. இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெந்நீர் பாட்டில் வைக்கலாமா, ஜெனரேட்டர் யாரிடம் இருக்கிறது என்று அலைந்துவிட்டு, ஆபீஸிலிருந்து கொண்டுவந்த, தொடாமலே சூடு பார்க்கிற வெப்பமானியை எடுத்துக்கொண்டு ரூமுக்கு ஓடினார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

கோமளம் உதறிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெரிய உடம்பு பூராவும் ஒரே தாளத்தில் துள்ளித் துள்ளி அடங்கியது. ஒரு துள்ளல், கொஞ்சம் அமைதி, மறுபடி துள்ளல். சுருள்களை இன்னும் இறுக்கி, முட்டை வெளியே தெரியாதபடி மூடியிருந்தாள். இவர் வெப்பமானியைச் சுவரில் காட்டினார், அவள் மேல் காட்டினார். ரூம் குளிர்ந்துகொண்டே வந்தது. அவள் குளிரவே இல்லை. மறுபடி மறுபடி பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டார்.

"முப்பது வருஷம்" என்றார். கண்ணில் நீர் கொட்டியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

நான் என்ன நினைத்தேனோ, கையை நீட்டி அவள் மேல் வைத்தேன். இவர் தடுக்கவில்லை. பத்து வருஷத்தில் முதல் தடவை. சூடாக இருந்தாள். மிருதுவாகவும் இருந்தாள். உள்ளே எங்கோ ஆழத்திலிருந்து அந்த நடுக்கம் கிளம்பி என் உள்ளங்கைக்கு வந்தது. தை மாசத்திலிருந்து ஒரு வாய் சாப்பிடாதவள். சொல்லிக் கொடுக்க யாரும் கிடையாது, கேட்க யாரும் கிடையாது. இவ்வளவு பெரிய விஷயத்தை நம் வீட்டுக் கீழ் ரூமில் பூட்டி வைத்திருந்தோமே என்று எனக்கு வெட்கமும் பிரமிப்புமாக இருந்தது. கரண்ட் வரும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.

அடுத்த வாரமே இரண்டு முட்டைகளில் ஒன்று வாடிச் சுருங்கிவிட்டது. டேல் சொன்னபடிதான். இன்னொன்று நின்றது.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, ஸ்ம்ருதி விடியும் முன்பே டாலஸிலிருந்து கிளம்பி ட்ரைவ் பண்ணி வந்துவிட்டாள். முட்டையில் ஒரு கீறல் விழுந்திருந்தது. அதிலிருந்து கட்டைவிரல் அளவு ஒரு முகம் எட்டிப் பார்த்தது. மூச்சு விட்டது, உள்ளே போனது, மறுபடி எட்டிப் பார்த்தது. மத்தியானம்வரை அப்படியே. நாங்கள் மூன்று பேரும் சப்தம் போடாமல் தரையில் உட்கார்ந்திருந்தோம். பிறகு வழுக்கிக்கொண்டு முழுசாக வெளியே வந்தது. தலையில் அதே அம்புக்குறி, முதுகில் அதே திட்டுகள். கோமளத்தையே சின்னதாக வரைந்து வைத்த மாதிரி.

கோமளம் சுருளை அவிழ்த்தாள். குட்டியைச் சுற்றிக்கொள்ளப் போகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் நேரே தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். ரொம்ப நேரம் குடித்தாள். பிறகு தன் மூலைக்குப் போய்ச் சுருண்டுவிட்டாள்.

"திரும்பி ஒரு தடவை பாரேன்டி!" என்று எனக்கு வாய்விட்டே வந்துவிட்டது.

"பாக்கமாட்டா" என்றார் இவர். "அவ பொறுப்பு முடிஞ்சுது. இனிமே நம்மது."

ஸ்ம்ருதி கையை நீட்டினாள். குட்டி கொஞ்சம் யோசித்தது, பிறகு அவள் விரலைச் சுற்றிக்கொண்டு மணிக்கட்டுவரை வந்து நின்றது. அவள் மூச்சு விடவும் பயந்து உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, ஷி இஸ் சோ ஸ்மால்" என்றாள்.

"இப்போதைக்கு" என்றார் கஸ்தூரிரங்கன். அவர் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை.